நிறத்த விடுங்க, உப்பு எங்க போச்சு?

இந்த வாரக் கேள்வி பதில் பகுதில தண்ணி மாசு, அதுக்கான சட்டம், அந்தச் சட்டம் ஏன் ஆத்துக்குள்ள இறங்க மாட்டேங்குது, இதெல்லாம்தான். பதில் எழுதுறவர் ரொம்ப வருஷமா தண்ணி மாசு பத்தி கொள்கை ஆய்வு பண்ற ஒருத்தர். பேர் போட வேண்டாம்னு கேட்டுக்கிட்டார், ஃபைல் பாக்கப் போற ஆபீஸ்ல அடுத்த தடவையும் உள்ள விடணும்ல.

கேள்வி (மதுரை வாசகர்): சுற்றுச்சூழல் கொள்கை ஆய்வாளர்னா விஞ்ஞானியா, வக்கீலா, போராட்டக்காரரா? காலைல ஆபீஸ் போனா என்னதான் பண்ணுவீங்க?

பதில்: மூணும் இல்லீங்க, மூணு பேர்கிட்டயும் திட்டு வாங்குற ஆளு. எங்கம்மா அக்கம்பக்கத்துல 'தண்ணி டிபார்ட்மெண்ட்ல இருக்கான்'னு சொல்லி வெச்சிருக்காங்க, அதனால மாசத்துக்கு ரெண்டு பேராவது தெருக்குழாய்ல தண்ணி வரலன்னு எனக்கு போன் பண்றாங்க. நெசமான வேலை என்னன்னா, 1974ல தண்ணி மாசு தடுப்புச் சட்டம் வந்துச்சு, தமிழ்நாட்டுல 1982லருந்து மாசு கட்டுப்பாட்டு வாரியம் இருக்கு, எதுல எவ்வளவு இருக்கலாம்னு லிமிட் இருக்கு, இத்தனையும் இருந்தும் ஆறு ஏன் இந்த லட்சணத்துல இருக்குன்னு பாக்குறது.

முக்கால்வாசி நேரம் ஃபைல்தான். ஒரு ஆலைக்கு வாரியம் கொடுக்குற அனுமதிய நாங்க கன்சென்ட்னு சொல்லுவோம், அதுல தினம் எத்தனை கிலோலிட்டர் கழிவு வரலாம், அத என்ன பண்ணணும்னு எல்லாம் எழுதியிருக்கும். சுத்திகரிப்பு பிளான்ட்டுக்குன்னு தனியா கரண்ட் மீட்டர் வைக்கச் சொல்லியிருப்பாங்க. நான் என்ன பண்ணுவேன்னா, இவ்வளவு தண்ணிய சுத்தம் பண்ணோம்னு அவங்க லாக் புக்ல எழுதி வெச்சிருக்குற கணக்கையும் அந்த மீட்டர் ரீடிங்கையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாப்பேன், பம்ப்பும் காத்து ஊதுற ப்ளோயரும் ஓடாம எந்தத் தண்ணியும் தானா சுத்தமாகாது இல்லையா, ஆனா புஸ்தகத்துல முப்பது நாளும் ஓடியிருக்கும், மீட்டர் அவ்வளவு நாள் ஓடியிருக்காது. லேப் ரிப்போர்ட்ட விட கரண்ட் பில்லு பொய் சொல்லாதுங்கறது என் அனுபவம்.

கேள்வி (காங்கேயம் வாசகி): ஏனுங்க, திருப்பூர்ல ஜீரோ டிஸ்சார்ஜ் வந்துருச்சு, இனி ஒரு சொட்டு சாயத்தண்ணி வெளிய வராதுன்னு சொல்லிப் பல வருஷமாச்சு. ஆனா மழை பெஞ்சா நொய்யல்ல நுரை பொங்குது, எங்க தோட்டத்துக் கெணத்துத் தண்ணி இன்னும் கரிக்குது. யாருங்க பொய் சொல்றாங்க?

பதில்: இதுக்கு ஒரு வரில பதில் சொல்ல முடியாதுங்கம்மா, கொஞ்சம் பொறுமையா வாங்க.

முதல்ல நிறத்த மறந்துடுங்க. சாயத்தண்ணின்னதும் எல்லாருக்கும் செவப்பும் நீலமுமா ஓடுறதுதான் ஞாபகம் வருது, டிவிலயும் அதத்தான் காட்டுவாங்க, ஆனா நிறத்த எடுக்குறது ஓரளவு சுலபம். சுலபமா எடுக்க முடியாதது உப்பு. பருத்தித் துணிய தண்ணில போட்டா அது மேல லேசா நெகட்டிவ் சார்ஜ் வரும், சாயத்துக்கும் அதே சார்ஜ், ரெண்டும் ஒண்ண ஒண்ணு தள்ளிவிடும். நடுவுல உப்பக் கொட்டுனாத்தான் சாயம் துணில போய் உக்காரும். அடர் நிறம்னா லிட்டருக்கு 60, 80 கிராம் வரைக்கும் போடுவாங்க. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணின்னு வெச்சுக்கிட்டா கிட்டத்தட்ட அரை கிலோ உப்பு, அதாவது நீங்க போட்டிருக்குற ஒரு கறுப்பு டீ ஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்பு. வேலை முடிஞ்சதும் அந்த உப்பு துணியோட போகாது, மொத்தமும் தண்ணிலயே நிக்கும். லிட்டருக்கு 60 கிராம்னா 60,000 மில்லிகிராம், கடல் தண்ணியே 35,000தான்! அலசுற தண்ணியெல்லாம் சேரும்போது நீர்த்துப் போகும், வாஸ்தவம், ஆனாலும் வாரியத்தோட லிமிட் 2,100.

இந்த உப்பு ஒரத்துப்பாளையம் அணைக்கு என்ன பண்ணுச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல, மத்த வாசகர்களுக்காகச் சொல்றேன். நொய்யல் குறுக்க 1992 வாக்குல பாசனத்துக்குன்னு கட்டுன அணை அது. சில வருஷத்துலயே அது திருப்பூரோட சாயக்கழிவுத் தொட்டி ஆயிருச்சு, அணை கட்டிக் கொடுங்கன்னு கேட்ட விவசாயிங்களே தயவு செஞ்சு தண்ணி திறக்காதீங்கன்னு கெஞ்ச வேண்டியதாப் போச்சு. நான் முதல் தடவை அந்தப் பக்கம் போனப்ப பையில தண்ணில உப்பு அளக்குற புது மீட்டர் ஒண்ணு இருந்துச்சு, பெருமையா எடுத்துக்கிட்டுப் போனேன். ஒரு வீட்டுல வயசான அம்மா ஒருத்தங்க உக்காருங்க சாமின்னு சொல்லி, கெணத்துத் தண்ணில டீ போட்டா எப்படி இருக்கும்னு காட்டுறேன்னு அடுப்புல வெச்சாங்க, பால ஊத்துனதும் திரிதிரியா பிரிஞ்சு போச்சு. மீட்டர வெளிய எடுக்கவே இல்ல.

விவசாயிங்க சங்கம் கோர்ட்டுக்குப் போச்சு. 2006 டிசம்பர்ல சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஜூலை 31க்குள்ள ஜீரோ டிஸ்சார்ஜுக்கு மாறணும், அதுவரைக்கும் வெளிய விடுற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10 பைசா கட்டணும்னு சொல்லுச்சு. 2009 அக்டோபர்ல உச்ச நீதிமன்றமும் அத உறுதி பண்ணுச்சு. அப்பவும் முழுசா நடக்கல, கடைசில 2011 ஜனவரி 28ஆம் தேதி எல்லா சாயப்பட்டறையையும் மூடு, கரண்ட்ட கட் பண்ணுன்னு உயர் நீதிமன்றம் உத்தரவு. 700க்கும் மேல பட்டறைங்க. அதுக்கப்புறம் அரசு 200 கோடி ரூபா வட்டியில்லாக் கடன் கொடுத்து பொது சுத்திகரிப்பு நிலையங்கள சரி பண்ண வெச்சு ஒவ்வொண்ணா திறந்தாங்க.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். ஜீரோ டிஸ்சார்ஜ்ங்கறது பொய் இல்ல, ஆனா பேருதான் தப்பு. தண்ணிய ஆர்ஓல தள்ளி நல்ல தண்ணிய திரும்ப பட்டறைக்கே அனுப்புறாங்க, மிச்சம் வர்ற கெட்டி உப்புத்தண்ணிய கொதிக்க வெச்சு ஆவியாக்குறாங்க, அதுல ஒரு பங்கு உப்பு திரும்ப சாயம் போடவே ஆகும், ஆகாத கலப்பு உப்பு மூட்டையில போய் ஷெட்ல உக்காரும். ஜீரோ ஆனது தண்ணி மட்டும்தான், உப்பு மூட்டையா மாறியிருக்கு, கொதிக்க வெச்ச வெறகு புகையா மாறியிருக்கு. அத ஒழுங்கா ஓட்டுற நிலையங்கள நானே பாத்திருக்கேன், குடிக்கலாம் போல தண்ணி வருது. ஆனா பொது நிலையத்துல சேராம, அனுமதியே இல்லாம, ஊருக்கு ஒதுக்குப்புறமா ரெண்டு மெஷின் போட்டு ஓட்டுறவங்க இருக்காங்க, அவங்களுக்கு மழைதான் முகூர்த்தம். அப்புறம் நுரைன்னு பாத்தா, அதுல சாயம் மட்டும் இல்ல, நகரத்து சாக்கடையும் சோப்புத் தண்ணியும் ஆத்துலதான் கலக்குது, தடுப்பணைல விழும்போது பொங்கும். நுரைய வெச்சு ஆளப் பிடிக்க முடியாது. கெணறு கரிக்குறது வேற கணக்கு, அது பழைய கடன். பத்துப் பதினஞ்சு வருஷமா மண்ணுக்குள்ள இறங்குன உப்பு, மேல ஊத்துறத நிறுத்துனதும் மறுநாள் போயிராது, நல்ல மழை பல வருஷம் பெஞ்சு கழுவணும்.

கேள்வி (திருப்பூர், பட்டறை நடத்தும் வாசகர்): எங்க பக்கமும் எழுதுவீங்களா? தண்ணி சுத்தம் பண்றதுக்கே லாபத்துல பாதி போகுது. துணி வாங்குற பையர் ஒரு பைசா ஏத்தித் தர்றதில்ல. பக்கத்து மாநிலத்துல எந்தக் கட்டுப்பாடும் இல்லாம அடிச்சு விலை கம்மியா கொடுக்குறான்.

பதில்: உங்க கடுப்பு நியாயமானது, இத நான் விவசாயிங்க கூட்டத்துலயும் சொல்லித் திட்டு வாங்கியிருக்கேன். 2015ல மத்திய அரசு நாடு முழுக்க ஓரளவு பெரிய டெக்ஸ்டைல் ஆலை எல்லாத்துக்கும் ஜீரோ டிஸ்சார்ஜ்னு ஒரு வரைவு கொண்டு வந்தாங்க, 2016ல இறுதி அறிவிக்கை வந்தப்ப அந்தப் பொதுவான கட்டாயம் காணாமப் போச்சு. அதனால கோர்ட் அடிச்ச அடிக்கு ஒழுங்கா மாறுன ஊரு நஷ்டத்துலயும், மாறாத ஊரு லாபத்துலயும் நிக்குது. கொள்கைன்னு பாத்தா இது கோணல்.

ஆனா ஒண்ணு சொல்லணும்ணே, அந்தச் செலவு புதுசா முளைச்சது இல்ல. முன்னாடியும் இருந்துச்சு, காங்கேயத்துலயும் சென்னிமலைலயும் மாடு வித்தவங்க, தோட்டத்தப் போட்டுட்டு உங்க ஊருக்கே பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவங்க, அவங்க கட்டிக்கிட்டு இருந்தாங்க. இப்ப பில்லு விலாசம் மாறி வந்திருக்கு. பையர்கிட்ட கேக்குறதுதான் சரி, ஷோரூம்ல ஆயிரம் ரூபாய்க்கு விக்கிற டீ ஷர்ட்டுக்கு ஒரு கைப்பிடி உப்ப எடுக்குற காச அவன் கொடுத்தா குடி முழுகாது, ஆனா அவன்கிட்ட தனித்தனியாப் போய்க் கேட்டா தர மாட்டான், ஊரே சேர்ந்து கேட்டாத்தான் உண்டு.

கேள்வி (கரூர் வாசகர்): ராத்திரி வாய்க்கால்ல கழிவு விட்டப்ப நானே பாட்டில்ல பிடிச்சு, காசு கட்டி தனியார் லேப்ல டெஸ்ட் பண்ணி, ரிப்போர்ட்டோட போனேன். அந்த அதிகாரி வாங்கிக்கூடப் பாக்கல, இது செல்லாதுன்னுட்டார். பின்ன சட்டம் யாருக்குங்க?

பதில்: அவர் வாங்கிப் பாக்காதது தப்பு. ஆனா செல்லாதுன்னு சொன்னது, வருத்தமா இருந்தாலும், சட்டப்படி சரிதான். தண்ணிச் சட்டத்துல 21வது பிரிவ படிச்சுப் பாத்தீங்கன்னா ஒரு கல்யாணத்துக்கு இருக்குற சடங்கு சாம்பிள் எடுக்குறதுக்கு இருக்கும். வாரியத்து ஆளு வரணும், வந்து ஆலைக்காரர்கிட்ட அங்கயே அப்பவே நோட்டீஸ் கொடுக்கணும், அவர் கண்ணு முன்னாடி சாம்பிள ரெண்டாப் பிரிக்கணும், ரெண்டுலயும் சீல் வெச்சு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடணும், ஒண்ணு வாரியத்து லேபுக்கு, ஆலைக்காரர் கேட்டா இன்னொண்ணு வேற லேபுக்கு. இந்தச் சடங்குல ஒண்ணு விட்டுப் போனாலும் வழக்குல அந்த ரிசல்ட் நிக்காது. எதுக்கு இவ்வளவுன்னா, வேண்டாத ஆளு கழிவ ஊத்தி மாட்டி விட்டுடக் கூடாதுன்னு. நல்ல எண்ணம்தான், ஆனா ராத்திரி ரெண்டு மணிக்கு வால்வத் திறந்து மூணு மணிக்கு மூடுறவன்கிட்ட நோட்டீஸ் கொடுத்து சாம்பிள் எடுக்கணும்னா எப்படி! வண்டி கேட்டுக்கு வர்றதுக்குள்ள உள்ள வால்வு மூடியிருக்கும்.

அதுக்காக உங்க பாட்டில் வீண் இல்ல. அது சாட்சி ஆகாது, ஆனா புகாருக்கு உயிர் கொடுக்கும். என்ன பண்ணுங்க, பிடிக்கும்போதே போன்ல லொகேஷன், நேரம் விழற மாதிரி வீடியோ எடுங்க, எந்தக் குழாய்லருந்து வருதுன்னு தெரியணும், ஒரே நாள் இல்லாம ரெண்டு மூணு வாரம் எந்தக் கிழமை எத்தனை மணிக்கு வருதுன்னு ஒரு நோட்டுல எழுதி வைங்க. இந்த நோட்டு தங்கம். அப்புறம் வாரியத்துக்கு எழுத்துல புகார், கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துல மனு, ரெண்டுக்கும் ரசீது வாங்கிருங்க, ஒரு மாசம் கழிச்சு என்ன நடவடிக்கை எடுத்தீங்கன்னு ஆர்டிஐ போடுங்க. அதுக்கும் அசையலன்னா சென்னைல தேசிய பசுமைத் தீர்ப்பாயத்தோட தென்மண்டல அமர்வு இருக்கு, ஆனா காலக்கெடு பாத்துக்கோங்க, பிரச்சினை எழுந்து ஆறு மாசத்துக்குள்ள போகணும், நஷ்டஈடு கேக்குறதுன்னா அஞ்சு வருஷம். நோட்டும் ரசீதும் இல்லாம வெறும் ஆவேசத்தோட போனவங்க திரும்பி வந்ததத்தான் நான் அதிகம் பாத்திருக்கேன்.

கேள்வி (ஆம்பூர் வாசகர்): பாலாறு வழக்குல 1996லயே உச்ச நீதிமன்றம் தீர்ப்பு கொடுத்துச்சுன்னு காலேஜ்ல பாடமா படிக்கிறாங்க. பாடம் படிக்கிற பசங்களுக்கு ஆத்தக் காட்டுனா சிரிப்பாங்க. அந்தத் தீர்ப்பால என்னதான் ஆச்சு?

பதில்: சிரிக்கட்டும், சிரிச்சுட்டாவது அந்தத் தீர்ப்ப முழுசா படிக்கட்டும். 1996 ஆகஸ்ட் 28, நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு. தோல் தொழிற்சாலைப் பகுதில 35,000 ஹெக்டேர் விவசாய நிலம் பாதியாவோ முழுசாவோ பாழாப் போச்சுன்னும், ஒரு கிலோ தோலுக்கு 35 லிட்டர் தண்ணி செலவாகுதுன்னும் அதுல பதிவாகியிருக்கு. மாசு பண்ணவன்தான் காசு கட்டணும், சேதம் முழுசா நிரூபணம் ஆகுற வரைக்கும் காத்திருக்காம முன்கூட்டியே தடுக்கணும், இந்த ரெண்டும் நம்ம நாட்டுச் சட்டத்தோட பகுதின்னு தெளிவா சொன்னது அந்தத் தீர்ப்புதான். இன்னிக்கு நாட்டுல எந்த மூலைல சுற்றுச்சூழல் வழக்கு நடந்தாலும் வேலூர் வழக்குன்னு இந்தத் தீர்ப்போட பேரு வரும். உங்க ஆறு செத்து நாட்டுக்கே சட்டம் கொடுத்திருக்குன்னு ஒருத்தர் எங்கிட்ட சொன்னார், கேக்கவே ஒரு மாதிரி இருந்துச்சு.

ஆலைக்கு 10,000 ரூபா அபராதம் போட்டாங்க, நஷ்டஈடு கணக்குப் போட தனி ஆணையம் அமைக்கச் சொன்னாங்க, அந்த ஆணையம் 2001ல வேலூர் பக்கம் 29 ஆயிரத்துக்கும் மேல பேருக்கு நஷ்டஈடுன்னு முடிவு பண்ணுச்சு. பொது சுத்திகரிப்பு நிலையங்கள் வந்துச்சு. தோல் பதனிடப் போடுற குரோமியத்த ஓரளவு பிடிச்சுத் திரும்ப உபயோகிக்கலாம், பிடிச்சாங்க. ஆனா இங்கயும் வில்லன் அதே ஆளுதான். தோல் அழுகாம இருக்க உப்பு தடவித்தான் மண்டிக்கே வருது, ஊற வெக்கிற முதல் தண்ணியிலயே அவ்வளவும் கரைஞ்சு இறங்கிடும், சாதாரண சுத்திகரிப்புல பாக்டீரியா அழுக்கத் திங்கும், உப்பத் திங்காது. ஆக, ரிப்போர்ட்ல மத்த எல்லாம் பாஸ், உப்பு மட்டும் வருஷா வருஷம் ஃபெயில்.

சுத்திகரிச்சா சகதி வரும், அத எங்க வைக்கிறதுங்கறது அடுத்த தலைவலி. 2015 ஜனவரி 31 விடியக்காலைல ராணிப்பேட்டைல பொது சுத்திகரிப்பு நிலையத்து சகதித் தொட்டிச் சுவர் உடைஞ்சு பக்கத்து ஆலைல தூங்கிட்டு இருந்த 10 தொழிலாளிங்க செத்துப் போனாங்க, பெரும்பாலும் மேற்கு வங்கத்துலருந்து வந்த பசங்க. மாசு கட்டுப்பாடுன்னு நாம சாதாரணமா எழுதுறோமே, அதுக்குள்ள இதுவும் இருக்கு. அதே ராணிப்பேட்டைல எப்பவோ மூடுன ஒரு குரோமேட் ஆலையோட கழிவு ஒன்றரை லட்சம் டன்னுக்கு மேல மலையாட்டம் கிடந்துச்சு, ஒவ்வொரு மழைக்கும் கரைஞ்சு நிலத்தடில இறங்கிக்கிட்டு.

2025 ஜனவரில உச்ச நீதிமன்றம் மறுபடி இந்த விஷயத்துல தீர்ப்பு சொல்லியிருக்கு. பாதிக்கப்பட்டவங்களுக்கு அரசு முதல்ல காசக் கொடுத்துடணும், பிறகு மாசு பண்ணவங்ககிட்ட வசூல் பண்ணிக்கணும், கமிட்டி போட்டு கண்காணிக்கணும், கோர்ட்டும் வழக்க மூடாமத் தொடர்ந்து பாக்கும்னு. இதுல முதல் பாதி முக்கியம், ஏன்னா ஆலைக்காரர் கட்டுற வரைக்கும் காத்திருந்த விவசாயிங்கள்ல பல பேரு இப்ப உயிரோட இல்ல.

கேள்வி (சேலம் வாசகர்): எல்லாத்துக்கும் காரணம் லஞ்சம்தானே? இன்ஸ்பெக்ஷன டபுள் பண்ணா சரியாயிடாதா?

பதில்: நானும் ஒரு காலத்துல அப்படித்தான் நெனச்சேன். குஜராத்ல இத ரெண்டையும் நேரடியா சோதிச்சே பாத்துட்டாங்க.

அங்க ஆலைங்கள ஆடிட் பண்ண தனியார் ஆடிட்டருங்க இருக்காங்க. யாரு அவங்கள தேர்ந்தெடுக்குறது? ஆலை. யாரு சம்பளம் கொடுக்குறது? ஆலை. மாப்பிள்ளை வீட்டப் பத்தி மாப்பிள்ளையோட மாமாகிட்டயே விசாரிக்குற கதை. எஸ்தர் டுஃப்லோ, மைக்கேல் கிரீன்ஸ்டோன், ரோகிணி பாண்டே, நிக்கலஸ் ரயான்னு நாலு பொருளாதார ஆய்வாளருங்க, அதுல டுஃப்லோ பின்னாடி நோபல் பரிசு வாங்குனவங்க, குஜராத் வாரியத்தோடயே சேர்ந்து 473 ஆலைல ஒரு சோதனை பண்ணாங்க. புகையில வர்ற தூசு அளவுல பழைய முறை ஆடிட்டருங்க 7 சதவீத ஆலைதான் லிமிட் தாண்டுதுன்னு எழுதியிருந்தாங்க, திரும்பப் போய் அளந்தா 59 சதவீதம். பாதி ஆலைங்களுக்கு மட்டும் முறைய மாத்துனாங்க. எந்த ஆலைக்கு எந்த ஆடிட்டர்னு குலுக்கல்ல முடிவு, சம்பளம் பொதுக் கணக்குலருந்து, அப்பப்ப வேற ஆளு போய் அதே இடத்துல திரும்ப அளக்கும். பொய் ரிப்போர்ட் 80 சதவீதம் கொறஞ்சுது. அத விட எனக்குப் பிடிச்சது, ஆலைங்களும் மாச நெசமாவே கொறச்சாங்க. புதுச் சட்டம் ஒண்ணும் போடல, ஆடிட்டர யாரு தேர்ந்தெடுக்குறது, காசு யார் கைலருந்து போகுது, யாரு சரிபாக்குறதுங்கறது மட்டும்தான் மாறுச்சு.

நீங்க கேட்ட டபுள் இன்ஸ்பெக்ஷனும் குஜராத்லயே நடந்துச்சு, அது வேற சோதனை, இன்ஸ்பெக்ஷன் ரெண்டு மடங்குக்கு மேல ஆச்சு, மாசு ஏறக்குறைய அப்படியேதான் இருந்துச்சு. ஏன்னா வாரியத்து இன்ஜினியருக்கு எந்த ஆலை மோசம்னு முன்னாடியே தெரியும், அங்க ஏற்கனவே போயிட்டுதான் இருந்தார், கூடுதலா போனதெல்லாம் சுமாரான ஆலைங்க. லஞ்சம் இல்லவே இல்லன்னு நான் சொல்ல வரல, ஆனா ஒரே ஆளு ஏகப்பட்ட ஆலைய வெச்சுக்கிட்டு, வண்டிக்கு டீசலும் கோர்ட்டுக்கு வக்கீலும் இல்லாம உக்காந்திருக்குறத நான் பாத்திருக்கேன். எல்லாத்தையும் லஞ்சம்னு ஒரே டப்பால போட்டு மூடிட்டா சரி பண்ண வேண்டிய மத்த ஓட்டை எதுவும் கண்ணுக்குத் தெரியாது.

கேள்வி (கோவை வாசகி): எப்பப் பாத்தாலும் ஆலைங்களையே சொல்றீங்க. நம்ம வீட்டுக் கழிவு?

பதில்: சரியாக் கேட்டீங்க, சொல்லப் போனா அளவுல அதுதான் பெருசு. மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியம் 2021ல போட்ட கணக்குப்படி நாட்டுல நகரங்கள்ல தினம் 72,368 எம்எல்டி சாக்கடைத் தண்ணி, ஒரு எம்எல்டின்னா ஒரு நாளைக்குப் பத்து லட்சம் லிட்டர், அதுல நெசமா சுத்திகரிச்சு வெளிய வர்றது 28 சதவீதம்தான். கூவத்துல ஆவடியிலருந்து சத்யா நகர் வரைக்கும் பிஓடி லிட்டருக்கு 345 மில்லிகிராம்னு அதே வாரியத்தோட 2022 அறிக்கைல இருக்கு. பிஓடின்னா தண்ணில இருக்குற அழுக்க நுண்ணுயிரிங்க தின்னு தீக்க எவ்வளவு ஆக்சிஜன் வேணும்ங்கற கணக்கு. 3க்கு மேல போனாலே ஆறு மாசுபட்டதுன்னு எழுதுவாங்க, 345ன்னா அது ஆறே இல்ல, ஓடுற செப்டிக் டேங்க்.

இதுல ஒரு வித்தியாசம் மட்டும் சொல்லணும். சாக்கடையால கெட்ட ஆறு, ஊத்துறத நிறுத்துனா தானே மீளும், அழுக்க பாக்டீரியா தின்னுடும். உப்புக்கு அந்த மாதிரி தின்னு தீக்க யாரும் இல்ல. அதனாலதான் நான் உப்பு உப்புன்னு உயிர வாங்குறேன். உங்க அபார்ட்மெண்ட்ல சுத்திகரிப்பு பிளான்ட் இருக்கும், அடுத்த அசோசியேஷன் மீட்டிங்ல அதோட கரண்ட் மீட்டர் ரீடிங்க மட்டும் கேளுங்க, மெயின்டனன்ஸ் கட்டணத்தக் கொறக்கணும்னு ப்ளோயர ஆஃப் பண்ணி வெச்சிருக்குற குடியிருப்புங்க எனக்குத் தெரிஞ்சே இருக்கு, எல்லாரும் படிச்சவங்க, வாசல்ல பிளாஸ்டிக் தவிர்ப்போம்னு போர்டு வேற.

கேள்வி (திருச்சி, கல்லூரி மாணவி): இந்தத் துறைக்கு வரணும்னா என்ன படிக்கணும் சார்? எக்கனாமிக்ஸா, என்விரான்மென்டல் இன்ஜினியரிங்கா?

பதில்: எது படிச்சாலும் வரலாம்மா, வந்தப்புறம் மத்தத கத்துக்கணும், அவ்வளவுதான். கெமிஸ்ட்ரி பசங்களுக்குச் சட்டம் தெரியாது, சட்டம் படிச்சவங்களுக்கு மில்லிகிராமும் மைக்ரோகிராமும் ஒண்ணாத் தெரியும், எக்கனாமிக்ஸ் ஆளுங்க எக்செல்ல விட்டு எழுந்து வர மாட்டாங்க. இந்த லீவுல ஒண்ணு பண்ணு. உங்க ஊர்ல ஏதாவது ஒரு ஆலையோட கன்சென்ட் ஆர்டர ஆர்டிஐல வாங்கி, வரி வரியா படிச்சு, எது புரியலயோ அத அடிக்கோடு போடு. ஒரு டிகிரில கத்துக்குறத விட அந்த அடிக்கோடுல அதிகம் கத்துக்கலாம். தமிழ்ல நல்லா எழுதவும் பழகிக்கோ, பாதிக்கப்பட்டவங்க மனு தமிழ்ல வருது, நம்ம ரிப்போர்ட் இங்கிலீஷ்ல போகுது, ரெண்டும் சந்திக்கவே மாட்டேங்குது.

கேள்வி (ஈரோடு வாசகர்): ஆன்லைன்ல ஐந்நூறு ரூபாய்க்குள்ள டிடிஎஸ் மீட்டர் கிடைக்குது. வாங்கலாமா? அதுல கம்மியா காட்டுனா தண்ணி நல்ல தண்ணின்னு நம்பலாமா?

பதில்: வாங்குங்க, ஆனா அது பாவம் ஒரே ஒரு வேலைதான் பண்ணும். தண்ணில கரண்ட் எவ்வளவு ஓடுதுன்னு பாத்து, அத ஒரு எண்ணால பெருக்கி கரைஞ்ச உப்பு இவ்வளவுன்னு காட்டும். குடிதண்ணிக்கு 500க்குள்ள நல்லது, வேற வழி இல்லன்னா 2,000 வரைக்கும் பரவாயில்லன்னு இந்தியத் தர நிர்ணயம் சொல்லுது. கிருமி இருக்கா, குரோமியம் இருக்கா, பூச்சிமருந்து இருக்கா, இது எதுவும் அந்த மீட்டருக்குத் தெரியாது. 150 காட்டுற தண்ணிலயும் வயித்தாலப் போகலாம்.

மீட்டர் வாங்குனா மாசம் ஒரு தடவை ஒரே கெணத்துல, ஒரே நேரத்துல, மோட்டார் பத்து நிமிஷம் ஓடுனப்புறம் பிடிச்சுப் பாத்து தேதியோட எழுதி வைங்க, ஒரு நாள் நம்பர விட ரெண்டு வருஷ நோட்டுதான் பேசும். பாட்டில அதே தண்ணியால மூணு தடவை அலசிட்டுப் பிடிங்க. ஒரு ஊர்ல ஒருத்தர் ஓட்டமா ஓடி வந்து எங்க போர்ல திடீர்னு உப்பு எகிறிடுச்சு, மேல இருக்குற ஆலைதான்னு சண்டைக்கே கிளம்பிட்டார், நானும் பதறிப்போய் பாட்டில வாங்கி மூடியத் திறந்தா மாங்கா ஊறுகா வாசம்.